பழைய ஆலயத்தின் பளிங்கு நினைவுச் சின்னம்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்க

கிறிஸ்துமஸ் நெருங்கினால் பழைய ஆலயங்களின் கமிட்டியில் தவறாமல் ஒரு பேச்சு எழும்: "சுவருக்கு வெள்ளையடிக்கிற கையோடு அந்தப் பளிங்குக் கல்லையும் கழுவிவிட்டால் என்ன?" கேட்பவர்மேல் தப்பில்லை. இருநூறு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிற சிற்பம் மஞ்சள் பூத்து, ஓரத்தில் துரு வழிந்து, எழுத்து மங்கி நின்றால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் இந்தச் சின்னங்களில் பழுது பெரும்பாலும் பளிங்கில் இருப்பதில்லை. கல்லுக்குப் பின்னால் இருக்கும் சுவரில், சுவருக்கு மேலே இருக்கும் கூரையில், கல்லைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்பில் இருக்கும். கறையைத் துடைத்தால் கறை போகும், பழுது அங்கேயே இருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியில் தொடங்கி, அதன் மூலத்தை நோக்கிப் பின்னால் போகிற மாதிரி இதை எழுதியிருக்கிறேன்.

முதலில், எதிரே நிற்பது என்ன?

நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் 1779இல் கட்டிய ஆலயத்தில், ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் இறந்தது 1798 பிப்ரவரி 13. அவரை ஆசானாக நினைத்து வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி இதைச் செய்ய வைத்தார். படுக்கையில் ஐயர், அவர் கையைப் பிடித்தபடி மன்னர், தலைமாட்டில் சக ஊழியர் கெரிக்கே, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். அதே சுவார்ட்ஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் செலவில் சிற்பி ஜான் பேக்கனின் மகனைக் கொண்டு செய்வித்த இன்னொரு சின்னம், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் இருக்கிறது. 1680இல் பிரதிஷ்டை செய்த அந்த ஆலயத்திலும், கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்திலும் சுவருக்குச் சுவர் இப்படிப்பட்ட சிற்பங்கள்தான்.

இவை பெரும்பாலும் ஒரே கல்லில் குடைந்தவை இல்லை. லண்டனில் செதுக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் வந்தவை. பின்னால் கறுப்போ சாம்பலோ ஒரு பலகைக் கல், அதன்மேல் வெள்ளைப் பளிங்கில் உருவங்கள், கீழே வாசகப் பலகை, அதைத் தாங்க இரண்டு முட்டுக் கற்கள், மேலே ஒரு விளிம்பு. வெள்ளைப் பளிங்கு அனேகமாக இத்தாலியின் கர்ராராவிலிருந்து வந்திருக்கும். இந்தத் துண்டுகளைச் சுவரோடு பிடித்திருப்பவை இரும்புப் பிடிகள். இடைவெளியை நிரப்பியிருப்பது சுண்ணாம்புச் சாந்து, அல்லது அந்தக் காலச் சிற்பிகளுக்குப் பிடித்தமான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும்.

எடையையும் ஒரு தடவை கணக்குப் போட்டுவிடுங்கள். பளிங்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. 2 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள வெறும் பலகையே 270 கிலோ வரும். உருவங்கள் தனிக்கணக்கு. இவ்வளவும் மறைவாக இருக்கிற நாலைந்து இரும்புத் துண்டுகளை நம்பி நிற்கிறது.

தொடுவதற்கு முன் மூன்று சோதனைகள்

ஆலயத்தில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த அங்கியின் மடிப்பில் மயிரிழை விரிசல், ஒரு துண்டு மட்டும் அரை மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நிற்பது, எழுத்தின் ஓரம் சிதைந்திருப்பது எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். அப்படியே போட்டோ எடுத்துவையுங்கள். இந்தப் படம் இல்லாமல் யாரையும் வேலைக்கு விடாதீர்கள்.

இரண்டாவது, சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. சின்னத்திலிருந்து ஓரடி தள்ளி, சாதாரணமாகப் பூசிய சுவரில் (கல்லின்மேல் வேண்டாம்) ஒரு சாண் சதுர அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றில் உள்ள ஈரம். உள்பக்கம் கோத்திருந்தால் சுவருக்குள் இருக்கும் ஓதம். மே மாதத்தில் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் ஒன்று என்று இரண்டு முறை செய்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

மூன்றாவது, கள்ளநோட்டுப் பார்க்கிற நீல டார்ச் (புற ஊதாக் கதிர் டார்ச்). இருட்டில் அடித்தால், பிற்காலத்தில் யாரோ பூசிய அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாகவும் மெழுகு வெளிர்நீலமாகவும் ஒளிரும். மலிவான சாமான், ஆனால் "யார் எப்போது என்ன பூசினார்கள்" என்ற கேள்விக்குக் கமிட்டியின் பழைய மினிட் புத்தகத்தைவிட நேர்மையாகப் பதில் சொல்லும்.

அனுமதி விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் 1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னச் சட்டப்படி அவர்கள் அனுமதி இல்லாமல் ஆணிகூட அடிக்க முடியாது. இல்லாவிட்டாலும் திருமண்டிலத்துக்கு (உங்கள் ஆயரின் நிர்வாகத்துக்கு) எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

அறிகுறி: கல் சுவரிலிருந்து விலகி நிற்கிறது, அல்லது புது விரிசல்

இது ஒன்றுதான் அவசரம். மற்றது எல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம்.

மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற கோட்டைப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் கல் முன்னால் சாய்கிறது. விரிசல் என்றால் அதன் உள்ளே பாருங்கள்: தூசியும் ஒட்டடையும் அடைந்திருந்தால் பழசு, ஓரம் கூராகவும் உள்ளே சுத்தமான வெள்ளையாகவும் இருந்தால் புதிது. பளிங்கின் சாம்பல் நிற ரேகையை விரிசல் என்று எண்ணிப் பயந்தவர்களும் உண்டு. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் ரேகைக்கு நிழல் விழாது.

சாய்வோ புது விரிசலோ உறுதி என்றால் அன்றைக்கே கீழே இருக்கிற பெஞ்சுகளை நகர்த்தி, கல்லின் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் கயிறு கட்டுங்கள். பாடகர் குழு அங்கேதான் உட்கார வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். கேட்க வேண்டாம். மரச் சட்டத்தால் முட்டுக் கொடுப்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வந்து சொல்லும் இடத்தில், மெத்தைத் துணி வைத்துச் செய்ய வேண்டும். அவசரத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டு விரிசலில் சிமெண்ட் பூசினால், விரிசல் வளர்கிறதா நின்றுவிட்டதா என்று பார்க்கிற வழியும் அடைபட்டுப் போகும்.

அறிகுறி: இணைப்புகளில் பழுப்பு வழிசல், பக்கத்தில் ஓடு மாதிரி பெயரும் கல்

உள்ளே இருக்கிற இரும்பு துருப்பிடிக்கிறது. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு கூடும். பளிங்குக்கு அமுக்கத்தைத் தாங்கத் தெரியும், உள்ளிருந்து விரிக்கிற விசையைத் தாங்கத் தெரியாது. எனவே பிடி இருக்கிற இடத்துக்கு நேர் முன்னால் வட்டமாகவோ அரைவட்டமாகவோ கல் தெறிக்கும். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் மற்ற இடத்தில் கணீரென்றும் அங்கே மட்டும் பொத்தென்றும் கேட்கும்.

இந்தச் சிக்கலின் பெரிய பாடம் ஏதென்ஸில் இருக்கிறது. பார்த்தினான் கோயிலைக் கட்டிய பழைய கிரேக்கர்கள் இரும்புப் பிடிகளைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றினார்கள். காற்றும் நீரும் போகவில்லை, இரண்டாயிரம் வருடம் கழித்தும் பல பிடிகள் அப்படியே இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பழுது பார்த்த நிகோலாஸ் பலானோஸ் ஈயப் பூச்சு இல்லாமல் இரும்பை வைத்தார். சில பத்தாண்டுகளுக்குள் பளிங்கு வெடிக்க ஆரம்பித்தது. 1970களுக்குப் பிறகு வந்தவர்கள் அவர் வைத்த இரும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள்.

நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி: இருநூறு வருடம் சும்மா இருந்த இரும்பு இப்போது ஏன் துருப்பிடிக்கிறது? ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மேலே ஏறிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து வேர் இறங்கியிருக்கும். மழைநீர் இறங்கும் குழாய் சரியாகச் சின்னத்துக்குப் பின்னால் வெளிச்சுவரில் உடைந்திருக்கும். மாடித் தளத்தில் போட்ட புதுப் பூச்சு நீரை ஒரு மூலையில் தேக்கியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் உள்ளே என்ன செய்தாலும் வீண்.

நீர் நின்ற பிறகு, பிடிகளை எடுத்துத் துருவேறாத எஃகில் மாற்றுவது கல் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரின் வேலை. சாரம் கட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, இறக்கித்தான் செய்ய முடியும். பழுப்புக் கறையை எடுப்பது அதற்கும் அப்புறம். கடையில் விற்கும் துரு நீக்கி பெரும்பாலும் அமிலம். கல்லில் ஒரு துளி பட்டால் நுரைக்கும், அந்த நுரை கரைகிற பளிங்கேதான்.

அறிகுறி: வெள்ளைப் பொடி, பஞ்சு மாதிரி முளைக்கும் உப்பு, பொரிந்து உதிரும் காரை

நம் கடற்கரை ஊர்களில் மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். "சுண்ணாம்பு ஊத்துது" என்று சொல்லித் துடைத்துவிடுவார்கள். அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

நடப்பது இது. தரையிலிருந்து ஏறும் நீரும் கூரையிலிருந்து இறங்கும் நீரும் சுவருக்குள் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேற வழி தேடும். எங்கே நீர் ஆவியாகிறதோ அங்கே உப்பு படிகமாகும். கல்லின் மேற்பரப்பில் படிந்தால் பொடி, பெரிய சேதம் இல்லை. கல்லின் துளைக்குள்ளேயே படிகமானால் உள்ளிருந்து நெம்பி மேற்புறத்தைத் தள்ளிவிடும். சாதாரணச் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் தானே நீரை இழுத்துக் கரையும், கீழே வந்தால் மறுபடி இறுகும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக் காற்றில் இந்த 75ஐத் தாண்டிப் போய் வருவது அன்றாட விஷயம். சோடியம் சல்ஃபேட் இன்னும் மோசம்: 32.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது நீரைச் சேர்த்துக்கொண்டு பெரிய படிகமாகிவிடும். நம் ஊர்ப் பகலும் இரவும் அந்தக் கோட்டுக்கு இருபுறமும்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் கல்லுக்குள் ஒரு நெம்பு.

உப்பு எங்கிருந்து வந்தது? கடற்காற்று ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. தரைக்கடியில் கல்லறைகள் இருக்கிற ஆலயங்களில் நைட்ரேட்டும் சேரும். ஆனால் என்னைக் கேட்டால், அண்மைக் காலத்தில் பெரிய குற்றவாளிகள் மூன்று.

ஒன்று சிமெண்ட். சுண்ணாம்புக் காரை விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசினால், சிமெண்டுக்குள் இருக்கிற காரங்களே புது உப்பாகும். போதாததற்குச் சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. இரண்டு, சுவரில் அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட். சுண்ணாம்பு வெள்ளை சுவாசிக்கும், இது சுவரை உறைபோட்டு மூடும். மூடிய சுவரில் ஈரம் வெளியேறத் திறந்திருக்கிற ஒரே இடம் பளிங்குச் சின்னத்தின் இணைப்புகள். மூன்று, நாலடி உயரத்துக்கு ஒட்டுகிற டைல்ஸ். கீழே ஆவியாக வேண்டிய ஓதம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, ஐந்தாவது அடியில் தலைகாட்டும். வாசகப் பலகை இருப்பதும் அனேகமாக அந்த உயரத்தில்தான். "டைல்ஸ் போட்ட பிறகுதான் சார் இப்படி ஆச்சு" என்று ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சொன்னால் நம்புங்கள், அவர் தினமும் பார்க்கிறவர்.

இந்தப் பட்டியலில் ஏசியையும் சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் மட்டும் ஓடி, மற்ற ஆறு நாளும் அணைந்திருக்கிற ஏசி, உப்புக்கு வாரா வாரம் கரைந்து இறுக ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்த கணக்கு. மின்விசிறியும் திறந்த சன்னலும் கல்லுக்கு எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டியது: பொடியை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் கரைந்து உள்ளேயே போகும். மென்மையான முடி பிரஷால் உலர்வாகத் தட்டி, வேக்குவம் கிளீனரின் வாயில் கொசுவலைத் துணி கட்டி உறிஞ்சுங்கள். வலை எதற்கென்றால், கல்லின் சில்லு ஏதாவது பெயர்ந்து வந்தால் அதில் தங்கும், பொறுக்கி எடுத்து வைக்கலாம். சேர்ந்த பொடியைத் தேதி எழுதிய பொட்டலத்தில் வையுங்கள். எந்த உப்பு என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள், மருந்து அதைப் பொறுத்தது. அப்புறம் வெளியே போய் வடிகாலைச் சரிசெய்வது, சுவரடியில் சேர்ந்திருக்கும் மண்மேட்டை இறக்குவது, டைல்ஸை எடுப்பது, சிமெண்ட்டைக் கையுளியால் பொறுமையாகக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது. தடித்த செங்கல் சுவர் உலர வருடக்கணக்கில் ஆகும், கமிட்டியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுவர் உலர ஆரம்பித்த பிறகு, கல்லுக்குள் மிஞ்சியிருக்கிற உப்பை எடுக்கப் பாதுகாப்பு வல்லுநர்கள் பற்றுப் போடுவார்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறிய காகிதக் கூழும் வெள்ளைக் களிமண்ணும் கல்லின்மேல் அப்பிக் காயவிட்டால், நீர் உள்ளே போய் உப்போடு திரும்பிப் பற்றுக்குள் வந்துவிடும். சுவர் ஈரமாக இருக்கும்போதே பற்றுப் போட்டால், சுவரின் உப்பு மொத்தத்தையும் கல்வழியாக இழுத்த பாவம் சேரும்.

அறிகுறி: விரல் பட்டால் சர்க்கரையாக உதிர்கிறது

பளிங்கு என்பது கால்சைட் படிகங்கள் நெருக்கி அடுக்கிய கல். சூடேறினால் ஒவ்வொரு படிகமும் ஒரு திசையில் விரியும், குறுக்குத் திசையில் கொஞ்சம் சுருங்கும். பக்கத்துப் படிகம் வேறு பக்கம் திரும்பியிருப்பதால் வருடங்கள் போகப் போகப் பிடி தளரும். மேற்குச் சன்னலிலிருந்து வெயில் விழும் இடத்திலும், அழகுக்காகப் பொருத்திய சூடான ஹாலஜன் விளக்கின் எதிரிலும் இதைப் பார்க்கலாம். முதலில் போவது மூக்கு, விரல் நுனி, அங்கியின் விளிம்பு.

விளக்கை எல்ஈடியாக மாற்றுங்கள், சன்னலுக்குத் திரை போடுங்கள், கல்லை விட்டு விலகி நில்லுங்கள். பிரஷ்கூட வேண்டாம். நுண்ணிய சுண்ணாம்புத் துகள் கரைசல், அம்மோனியம் ஆக்சலேட் என்று இறுக்கும் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் அவை போட்டால் திரும்ப எடுக்க முடியாதவை.

அறிகுறி: மொத்தமாக மஞ்சள்

நீல டார்ச் சோதனைக்கு இங்கேதான் வேலை. ஒளிர்ந்தால் பழைய மெழுகு, எண்ணெய் அல்லது வார்னிஷ், பூசியவர் நல்ல எண்ணத்தில்தான் பூசியிருப்பார். அதற்குரிய கரைப்பானை வல்லுநர் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து எடுப்பார். ஒளிராமல், கல்லின் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தந்த நிறத்தில் இருந்தால் அது வயது. விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் யாராவது புளி என்பார். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. எலுமிச்சை, வினிகர், புளி மூன்றும் அமிலம், பளிங்கு சுண்ணாம்பின் உறவு, சிற்பியின் உளி போட்ட கடைசி மெருகு முதல் துடைப்பிலேயே போய்விடும். அதைவிட ஆபத்தானவர் தரைக்கு மார்பிள் பாலிஷ் போடுகிறவர். ஆக்ஸாலிக் பவுடரும் சுழல் இயந்திரமுமாக வந்து, "ஒரே நாளில் கண்ணாடி ஆக்கித் தருகிறேன்" என்பார். ஆக்கித் தரவும் செய்வார். மன்னரின் கண் இமையும் அதோடு தட்டையாகிவிடும்.

அறிகுறி: பச்சை, கரும்புள்ளி, வௌவால் கழிவு

பச்சை என்றால் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்திருக்கிறது. ஈரத்தை நிறுத்தினால் பாசி காய்ந்து தானே உதிரும், பிரஷால் தட்டிவிடலாம். பிளீச்சிங் பவுடர் போட்டால் அன்றைக்கு வெளுக்கும், கல்லுக்குள் குளோரைடு உப்பு தங்கும், மேலே சொன்ன கதை புதிதாகத் தொடங்கும். கரும்புள்ளிகள் பூஞ்சையாக இருந்தால் கல்லின் ரேகைக்குள் வேர்விட்டிருக்கும், நாமாகச் சுரண்டுவதில் பயனில்லை.

வௌவால் வேறு வகைத் தொல்லை. உயரமான கூரை, பூட்டியே இருக்கும் கோபுரம், இதைவிட நல்ல வீடு அதற்குக் கிடைக்குமா? அதன் சிறுநீர் பளிங்கின் மெருகை அரித்து மங்கலான சொட்டுத் தடங்களை விட்டுவிடும், அந்தத் தடம் திரும்பப் பளபளக்காது. கழிவைக் காய்ந்த பிறகு முகக்கவசம் போட்டு எடுங்கள். அந்திக்கு அவை வெளியேறிய பிறகு வழியை வலையால் அடைக்கலாம், குட்டிகள் உள்ளே இல்லை என்று உறுதியான பிறகு மட்டும். அதுவரை சின்னத்துக்கு மேலே, கல்லைத் தொடாதபடி ஒரு துணிப்பந்தல் போதும்.

அறிகுறி: மெழுகு, டேப் தடம், எண்ணெய்க் கறை, பெயிண்ட் தெறிப்பு

பண்டிகைக் கறைகள். மெழுகு இறுகிய பிறகு மரக் குச்சியால் அல்லது பழைய பிளாஸ்டிக் கார்டால் நெம்பினால் பெரும்பகுதி வந்துவிடும். கத்தி வேண்டாம், சூடும் வேண்டாம், சூடேற்றினால் உருகிக் கல்லுக்குள் இறங்கும். மிச்சப் படலம் வல்லுநருக்கு.

நட்சத்திரமும் தோரணமும் ஒட்டிய செலோடேப்பை அந்த வாரமே எடுங்கள். ஒரு வருடம் விட்டால் பசை மஞ்சளாகிக் கல்லுக்குள் ஊறும். கல்லறைத் திருநாளுக்குப் போடும் ஈர மாலையும் அப்படித்தான்: செவ்வந்திச் சாறு வெள்ளைப் பளிங்கில் இறங்கினால் அடுத்த நவம்பர் 2 வரைக்கும் தெரியும். மாலையைத் தடுக்க வேண்டாம், அது மரியாதை. சின்னத்துக்கு முன்னால் ஒரு சிறு மர ஸ்டூல் போட்டு அதில் வைக்கச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

மன்னரின் கை, குழந்தையின் தலை என்று ஆட்கள் தொட்டுத் தொட்டுக் கறுத்த இடங்களைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் உருட்டி எடுக்கலாம். தேய்க்காமல் உருட்ட வேண்டும், ஒரு குச்சி ஒரு முறைதான். பேட்டரிக் கடையில் வாங்கினால் ஆசிட் கேனைத் தவிர்த்து டிஸ்டில்டு வாட்டர் கேனைத்தான் எடுக்கிறோமா என்று லேபிளைப் படியுங்கள். அருங்காட்சியகங்களில் எச்சிலையே பஞ்சில் தொட்டுத் துடைக்கிற வழக்கம் உண்டு. அதில் உள்ள நொதிகள் அழுக்கைப் பிரிக்கின்றன. கமிட்டியில் சொல்லிப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், அதனால் நீரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அறிகுறி: எழுத்து மறைகிறது

மூன்று வகை எழுத்துகள் உண்டு. வெட்டிய குழியில் கறுப்பு மை நிரப்பியவை, தங்கரேக் ஒட்டியவை, சின்னத் துளைகள் போட்டு ஈயத்தை அடித்து இறுக்கியவை. ஈய எழுத்து விழுந்தால் துளைகள் மட்டும் மிஞ்சும், அந்தத் துளைகளின் வரிசையிலிருந்தே எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கலாம். விழுந்த ஈயத்தைக் குப்பையில் போடாதீர்கள்.

மை போன எழுத்தைப் படிக்கப் பக்கவாட்டு டார்ச் போதும். மாவோ சாக்பீஸோ தேய்க்க வேண்டியதில்லை. வாசகம் பாதி அழிந்திருந்தால் 1905இல் ஜே. ஜே. காட்டன் தொகுத்த மெட்ராஸ் மாகாணக் கல்லறை வாசகப் பட்டியலில் தேடுங்கள். அன்றைக்குப் படிக்க முடிந்தது பலவும் அதில் அச்சாகியிருக்கிறது. கிடைத்த பாடத்தைத் தாளில் அச்சிட்டுப் பக்கத்தில் ஒரு சட்டகத்தில் மாட்டினால் வருகிறவர்களுக்குப் படிக்க வசதி, கல்லுக்கும் தொந்தரவில்லை. போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு எனாமலில் எழுத்தை நிரப்பினால் இரண்டு சங்கடம்: பெயிண்ட் குழிக்கு வெளியே கசிந்து எழுத்தின் கூர்மை போகும், அதோடு ஆங்கில, லத்தீன் வாசகத்தில் ஒரு எழுத்து மாறி எழுதிவிட்டால் அந்தத் தப்பே நாளைக்கு வரலாறாகிவிடும்.

அறிகுறி: விரலோ மூக்கோ உடைந்து விழுந்தது

எல்லாச் சில்லையும் பொறுக்கி, மெல்லிய தாளில் சுற்றி, எங்கிருந்து விழுந்தது என்று எழுதி, ஆலயப் பெட்டகத்தில் பூட்டுங்கள். உடைந்த முகங்களைக் கழுவவோ ஒட்டிப் பார்க்கவோ வேண்டாம், ஒவ்வொரு முறை ஒட்டிப் பார்க்கும்போதும் ஓரத்தில் ஒரு படிகம் உதிரும். வல்லுநர்கள் சிறு துண்டுகளுக்குப் பாரலாய்ட் பி-72 என்கிற பசையை எடுப்பார்கள், பிற்காலத்தில் அசிட்டோனில் கரைத்துப் பிரிக்கலாம். கடையில் கிடைக்கிற எபாக்சி மஞ்சளாகும், பிரிக்கவும் முடியாது. சிற்பம் ஏன் உடைந்தது என்பதையும் பாருங்கள். ஏணி சாய்த்தார்களா, ஸ்பீக்கர் வயரைக் கட்டினார்களா, அல்லது உள்ளே சிற்பி வைத்த இரும்பு ஊசி துருப்பிடித்ததா? கடைசியென்றால் மற்ற விரல்களுக்கும் அதே ஊசிதான் இருக்கும்.

அறிகுறி: பழுது ஒன்றுமில்லை, பார்க்க மங்கலாக இருக்கிறது

அப்படியானால் சிக்கல் நம் எதிர்பார்ப்பில்தான். 1937, 38இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தினான் சிற்பங்களைப் புது அரங்குக்கு மாற்றும்போது, இன்னும் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று செப்புக் கருவிகளாலும் உராய்வுக் கல்லாலும் சுரண்டினார்கள். வெள்ளையானது. எந்தெந்த இடத்தில் மேற்பரப்பு போனது என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

தூசி தட்டுவது மட்டும் போதும். வருடத்துக்கு ஒரு முறை, மழை முடிந்து காற்று உலர்ந்த ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. சுவரில் சாயாமல் தனியே நிற்கிற ஏணி, மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றிய கை, உலோகப் பிடிப்பு இல்லாத ஆட்டுமுடி பிரஷ், வாயில் கொசுவலை கட்டிய வேக்குவம். மேலிருந்து கீழாக, மடிப்புக்குள்ளே பிரஷ் நுனியால் தூசியைக் கிளப்பி, கல்லைத் தொடாமல் பக்கத்தில் பிடித்த குழாயில் உறிஞ்சுங்கள். துணியால் துடைத்தால் நூல் சிக்கி இழுக்கும், தூசியே மணல்தாளாகித் தேய்க்கும். முடிந்ததும் போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்று, அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு ஆலயப் பதிவேட்டில் ஒட்டுங்கள்.